நீர்க்கரை ஸ்டேக் உணவகத்தில் இரவு உணவு: திருகோணமலைக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஸ்டேக் உணவகத்தின் உணவுப் பட்டியல் முதலில் மாட்டின் எந்தப் பகுதி இறைச்சி வேண்டும் என்று கேட்கிறது, அடுத்து எத்தனை கிராம் என்று கேட்கிறது, இவற்றையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் பரிசாரகர், "எந்தப் பதத்தில் வேக வேண்டும்?" என்கிறார். நம்மவர்களின் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த வரிசையினால்தான். சில ஆண்டுகளுக்கு முன்னர் என் பெரிய மாமாவின் அறுபதாவது பிறந்தநாளுக்காக நாங்கள் எட்டுப் பேர் ஒரு நீர்க்கரை உணவகத்துக்குச் சென்றிருந்தோம். பட்டியலில் விலை கூடிய ஃபில்லெட்டை மாமா தெரிவு செய்தார். பதம் கேட்கப்பட்டபோது, "நல்லா வேகட்டும் தம்பி, சிவப்பே தெரியக்கூடாது" என்றார். அரை மணி நேரம் கழித்து வந்த துண்டு உள்ளங்கையளவு இருந்தது; சாறு முழுவதும் வற்றி, வாயில் பஞ்சுபோல் நின்றது. மரியாதைக்காக அதில் பாதியை உண்ட மாமா, வீடு திரும்பும் வழியில், "மாமி வைக்கிற இறைச்சிக் கறிக்கு இது கிட்டவும் வராது" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் பிழை சமையற்காரருடையது அன்று. அந்தப் பகுதி இறைச்சி அந்தப் பதத்துக்கு உரியதே அன்று என்பதை எங்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

ஆகவே இந்த வழிகாட்டி பட்டியலின் வரிசையைத் தலைகீழாக்குகிறது. மேசையில் அமரப்போகிறவர்கள் யார் என்பதை முதலிலும், அவர்களுக்குப் பிடித்த பதத்தை இரண்டாவதாகவும், இறைச்சியின் பகுதியை மூன்றாவதாகவும், எடையையும் விலையையும் கடைசியிலும் தீர்மானிக்க வேண்டும்.

இடத்தையும் நாளையும் தெரிவு செய்தல்

ஏரிக்கரை உணவகம் என்றால் நம்மவர் நினைவுக்கு வருவது கண்டி வாவியோ, கொழும்பின் பேரே வாவியோ, நுவரெலியாவின் கிரெகரி வாவியோதான். திருகோணமலை நகருக்குள் ஏரி இல்லை; கந்தளாய்க் குளத்துக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் போக வேண்டும். ஆனால் நமது உட்துறைமுகம் மூன்று பக்கமும் நிலத்தால் சூழப்பட்டு, அலை அடங்கிய மாலைகளில் குளத்தைப்போலவே அசைவற்றுக் கிடக்கும். ஒரு வாவிக்கரை மேசைக்குப் பொருந்தும் குறிப்புகள் யாவும் அதன் கரைக்கும் பொருந்தும். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல்களுக்குச் சில மாற்றங்களுடன் பொருந்தும்.

அந்த மாற்றங்களுள் முதன்மையானது திசை. உட்துறைமுகக் கரையில் அமர்ந்தால் சீனக்குடாப் பக்கம் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். உப்புவெளியில் கடல் கிழக்கே இருப்பதால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் மறையும். "சன்செட் டின்னர்" என்று ஆசைப்பட்டு அங்கே மேசை பதிவு செய்தவர்கள் ஹோட்டல் சுவரைப் பார்த்துக்கொண்டு உண்ட கதைகள் உண்டு. ஆண்டு முழுவதும் நமது ஊரில் சூரியன் ஏறத்தாழ மாலை 5.40 மணிக்கும் 6.30 மணிக்கும் இடையில் மறைகிறது. கார்த்திகையில் முந்தியும் ஆடியில் பிந்தியும். மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாக மேசையில் அமர்ந்துவிட்டால், வெளிச்சம் இருக்கும்போது பானமும் முதல் உணவும் முடிந்து, இருட்டியதும் ஸ்டேக் வந்து சேரும்.

உப்புவெளிப் பக்கத்துக்கு உரிய காட்சி வேறு. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை அண்டி நிலவு கடலிலிருந்து எழும். அன்று போயா தினமாதலால் நாடெங்கும் மதுபானம் விற்கப்படாது, ஹோட்டல்களிலும் பொதுவாகப் பரிமாறப்படாது. வைனுடன் உண்ண விரும்புகிறவர்கள் அந்த நாளைத் தவிர்க்கவே செய்வார்கள். மதுவின் வாடையே இல்லாத இடத்தில் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் இருந்து சாப்பிட விரும்புகிற குடும்பங்களுக்கோ, எனது கணிப்பில், மாதத்தின் மிகச் சிறந்த இரவு அதுவே.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று உட்துறைமுகக் கரையில் முகத்தில் அறையும். சில நாட்களில் மாலையிலும் அது தணியாது. காற்று வீசும் திறந்த மேசையில் வைக்கப்பட்ட ஸ்டேக், நாலைந்து நிமிடத்திலேயே ஆறத் தொடங்கி, அதன் கொழுப்பு வெண்மெழுகாக உறைந்துவிடும். அப்படிப்பட்ட மாதங்களில் நீர் விளிம்பு மேசையைவிட, ஒரு சுவரோ மரமோ மறைக்கும் இரண்டாம் வரிசை மேசையே மேலானது. வாடை வீசும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் மழை எந்நேரமும் வரலாம் என்பதால், கூரைக்குள் மாற்று மேசை தருவார்களா என்பதை முன்னரே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பலமதத்தவர் வாழும் ஊரில் நாளைத் தெரிவு செய்வதும் மரியாதையின் ஒரு பகுதி. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் சைவ நண்பரையோ, தவக்கால வெள்ளியில் இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்க உறவினரையோ, நோன்பு மாதத்தில் இஃப்தாருக்கு முன்னர் முஸ்லிம் அயலவரையோ ஸ்டேக் உணவுக்கு அழைத்துவிட்டுப் பிறகு வருந்துவதில் பயனில்லை.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை

முன்பதிவு செய்யும் அழைப்பை வெறும் நேரக்குறிப்போடு முடித்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் கதைத்தால், மேசையில் அமர்ந்த பிறகு எழும் சங்கடங்களில் பெரும்பகுதி அங்கேயே தீரும்.

முதற்கேள்வி, இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பது. உள்ளூர் மாட்டிறைச்சி பெரும்பாலும் புல் மேய்ந்து, வயது சென்ற மாட்டினுடையது. கறிக்கு அதன் சுவைக்கு நிகரில்லை, ஆனால் சில நிமிடச் சூட்டில் வாட்டும் ஸ்டேக்குக்கு அது கடினமானது. உயர்தர உணவகங்கள் இறக்குமதி இறைச்சியைப் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுவே. "ஆங்குஸ்" என்பது ஒரு மாட்டினத்தின் பெயர் மட்டுமே, தரத்தின் பெயர் அன்று என்பதை நினைவில் வைத்திருங்கள். அமெரிக்க இறைச்சியானால் பிரைம், சொய்ஸ், செலக்ட் என்ற இறங்குவரிசைத் தரங்கள் உண்டு. இறைச்சிக்குள் ஓடும் கொழுப்பு இழைகளின் அளவே அவற்றைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஜப்பானிய மாட்டிறைச்சியான வாகியூவுக்கு அந்த இழையோட்டம் 1 முதல் 12 வரையான எண்ணால் அளக்கப்படுகிறது. "வாகியூ" என்ற சொல்லை மட்டும் அச்சிட்டு, நாட்டையோ எண்ணையோ குறிப்பிடாத பட்டியலைக் கண்டால் கேள்வி கேளுங்கள். பதில் தடுமாறினால் வேறொன்றைத் தெரிவு செய்யுங்கள்.

இரண்டாவது, ஹலால் பற்றியது. "ஹலாலா?" என்று மட்டும் கேட்டால் "ஓம்" என்ற பதில்தான் வரும். இறைச்சிக்குச் சான்றிதழ் உள்ளதா, அதே வாட்டுத்தட்டில் பன்றி இறைச்சியோ பேக்கனோ வாட்டப்படுகிறதா, சோஸ்களில் வைனோ பிராண்டியோ சேர்க்கப்படுகிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மிளகு சோஸில் பிராண்டி ஊற்றிக் கொளுத்துவது பழைய பிரெஞ்சு வழக்கம். சிவப்பு வைன் வற்றவைத்த சாறு ஸ்டேக்கோடு தானாகவே வந்துவிடும் உணவகங்களும் உண்டு. ஊற்றாமல் தனிக்கிண்ணத்தில் தரச் சொன்னால் போதும்.

மூன்றாவது, மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்கு என்ன உண்டு என்பது. இதை விரிவாகப் பின்னர் சொல்கிறேன். நான்காவது, உடை. அரைக்காற்சட்டையும் செருப்பும் அணிந்த ஆண்களை இரவில் அனுமதிக்காத ஹோட்டல்கள் உள்ளன. நீளக் காற்சட்டை, கழுத்துப்பட்டை வைத்த சேர்ட், மூடிய சப்பாத்து இருந்தால் எங்கும் தடையில்லை. பெண்களுக்குச் சேலையோ சல்வாரோ தாராளமாகப் பொருந்தும். ஆனால் நீர்க்கரைப் புல்வெளியில் கூர்க்குதிச் சப்பாத்து மண்ணில் புதையும்.

நுளம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாலை மயங்கும் நேரத்தில் தேங்கிய நீருக்கு அருகில் அமர்வது என்றால் கால்களுக்கு நுளம்பு எண்ணெய் பூசிக்கொள்வது நல்லது. அதை வீட்டிலேயே பூசிக் கையைக் கழுவிவிட்டு வாருங்கள். சிட்ரொனெல்லா வாசத்தோடு ஸ்டேக் உண்பதில் சுகமில்லை.

பதத்தைத் தீர்மானித்தல்

கறி சமைக்கும் நமது அனுபவம் தவறான வழியைக் காட்டும் இடம் இதுதான் என்பதால், இங்கே சற்று நின்று போக வேண்டும்.

நமது வீடுகளில் இறைச்சி எவ்வளவு வேகிறதோ அவ்வளவு மெதுமையாகும். தொடை, தோள், கழுத்துப் பகுதிகளில் உள்ள கொலாஜன் என்னும் இணைப்புத் திசு, மணிக்கணக்கில் ஈரச்சூட்டில் கிடக்கும்போது கரைந்து பசைபோன்ற ஜெலற்றினாக மாறுவதே அதற்குக் காரணம். ஸ்டேக்குக்குரிய பகுதிகளில் அந்தத் திசு மிகக் குறைவு. கரைவதற்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை. ஆகவே சூடு ஏற ஏறத் தசைநார்கள் சுருங்கி, தம்முள் உள்ள சாற்றைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. 65 பாகை செல்சியஸைத் தாண்டிய பின்னர் இது வேகமாக நடக்கிறது. கறியில் கூடுதல் நேரம் இறைச்சியை மெதுமையாக்கும். ஸ்டேக்கில் அதே கூடுதல் நேரம் அதை உலர்த்தும்.

பதங்களின் பெயர்கள் துண்டின் நடுப்பகுதி வெப்பநிலையைக் குறிக்கின்றன. ரெயர் என்பது ஏறத்தாழ 50 பாகை. நடுவில் குளிர்ச்சி கலந்த கடுஞ்சிவப்பு. மீடியம் ரெயர் 54 முதல் 57 பாகை, வெதுவெதுப்பான சிவப்பு. மீடியம் 60 முதல் 63 பாகை, இளஞ்சிவப்பு. மீடியம் வெல் 65 முதல் 68 பாகை. நடுவில் ஒரு கோடளவு மட்டும் நிறம். வெல் டன் 71 பாகைக்கு மேல். முழுவதும் சாம்பல் கலந்த கபிலம். சமையற்காரர்கள் பெரும்பாலோர் மீடியம் ரெயரைப் பரிந்துரைப்பார்கள். முதன்முறை உண்ணும் நம்மவருக்கு நான் மீடியத்தையே பரிந்துரைப்பேன். சிவப்பைக் கண்டு மனம் ஒடுங்காமலும் சாறு வற்றாமலும் இருக்கும் நடுப்பதம் அது.

சிவப்பு நீரைப் பற்றிய அச்சம் தேவையற்றது. கோப்பையில் கசிவது இரத்தம் அன்று. தசைக்குள் ஒட்சிசனைச் சேமிக்கும் மயோகுளோபின் என்னும் புரதம் கலந்த நீர். அறுக்கும்போதே இரத்தத்தின் பெரும்பகுதி வடிந்துவிடுகிறது. இதை அறிந்த பின்னரும் மனம் ஒப்பவில்லையென்றால், ஒப்பாததை உண்ண வேண்டியதில்லை. வெல் டன் கேட்பதற்கு வெட்கப்படவும் வேண்டாம். அதற்கேற்ற பகுதியைத் தெரிவு செய்தால் போதும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, முழுத்துண்டு இறைச்சியில் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும்; அங்கே கடுஞ்சூடு படுவதால் அவை அழிகின்றன. அரைத்த இறைச்சியில் மேற்பரப்பும் உட்புறமும் கலந்துவிடுவதால் பர்கர் 71 பாகை வரை வேகவே வேண்டும். மீடியம் ரெயர் பர்கரை யார் பெருமையாகப் பரிந்துரைத்தாலும் மறுத்துவிடுங்கள். முழுத்துண்டுக்கு அமெரிக்க விவசாயத் திணைக்களம் தரும் வரையறை 63 பாகையும் மூன்று நிமிட ஓய்வும் ஆகும். கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் இதற்குக் குறைந்த பதத்தைத் தவிர்க்க வேண்டும்.

இறைச்சியின் பகுதியைத் தெரிவு செய்தல்

ஃபில்லெட் முதுகெலும்புக்கு அடியில் கிடக்கும், அதிகம் உழைக்காத தசை. மிக மெதுமையானது, கொழுப்புக் குறைவானது, அதனாலேயே சுவையிலும் மென்மையானது. ஒரு மாட்டில் சிறிதளவே கிடைப்பதால் விலை கூடியது. ரெயர் முதல் மீடியம் வரை உண்பவர்களுக்கு மட்டும் அந்த விலை தகும். மாமாவைப்போல் முழுவதும் வேகவைத்தால், காப்பதற்குக் கொழுப்பில்லாத அந்தத் துண்டு முதலில் உலர்ந்துவிடும்.

ரிப் ஐ என்பது விலாப்பகுதி. கொழுப்பு இழைகள் நிறைந்தது. அவை உருகி இறைச்சியை நனைத்துக்கொண்டே இருப்பதால் மீடியம் வெல், வெல் டன் பதங்களையும் ஓரளவு தாங்கும். நன்றாக வெந்த ஸ்டேக்தான் வேண்டும் என்கிற பெரியவருக்கு இதையே சொல்லிவிடுங்கள். முடிந்தால் துண்டை நடுவே பிளந்து விரித்து வாட்டும்படியும் கேளுங்கள். மெல்லிய துண்டு விரைவில் வேகும். சாறும் குறைவாகவே இழக்கும்.

சேர்லொயின் என்ற பெயரில் ஒரு குழப்பம் உண்டு. பிரித்தானிய வழக்கைப் பின்பற்றும் நமது உணவகங்களில் அது முதுகின் நடுப்பகுதி. அமெரிக்கப் பட்டியல்களில் அதே பெயர் அதற்குப் பின்னால் உள்ள சற்றுக் கடினமான பகுதியைக் குறிக்கும், நமது சேர்லொயினை அவர்கள் ஸ்டிரிப் என்பார்கள். ரீ போனில் ஆங்கில T எழுத்து வடிவ எலும்பின் ஒருபுறம் ஃபில்லெட்டும் மறுபுறம் ஸ்டிரிப்பும் இருக்கும்; இரண்டையும் ஒரே தடவையில் சுவைக்க விரும்புகிறவர்களுக்கு ஏற்றது. நீண்ட விலா எலும்போடு வரும் டொமஹோக், ரிப் ஐயேதான். படம் பிடிப்பதற்கு அழகு, ஆனால் எலும்பின் எடைக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறீர்கள். ரம்ப், ஃபிளாங்க் ஆகியவை விலை குறைந்தவை. நார் தெளிவாகத் தெரிவதால், நாருக்குக் குறுக்காக மெல்லியதாக வெட்டினால் மெல்லுவதற்கு இலகுவாக இருக்கும், நாரோடு சேர்த்து நீளவாக்கில் வெட்டினால் தாடை வலிக்கும்.

"டிரை ஏஜ்ட்" என்று குறிக்கப்பட்டிருந்தால், உறைநிலைக்குச் சற்று மேற்பட்ட குளிரில் வாரக்கணக்கில் திறந்த நிலையில் தொங்கவிடப்பட்ட இறைச்சி என்று பொருள். நீர் வற்றிச் சுவை செறிகிறது. இறைச்சியிலேயே உள்ள நொதியங்கள் நார்களைத் தளர்த்துகின்றன. பாலாடைக்கட்டியை ஒத்த ஒரு வாசம் வரும்; அது எல்லோருக்கும் பிடிப்பதில்லை. முதன்முறைக்கு அந்த மேலதிக விலையைக் கொடுக்க வேண்டாம் என்பது எனது கருத்து.

எடை

பட்டியலில் உள்ள எடை சமைக்காத இறைச்சியினுடையது. 250 கிராம் என்று எழுதியிருந்தால் மேசைக்கு வருவது 200 கிராமை அண்டியதாக இருக்கும்; வெல் டன் ஆனால் அதைவிடக் குறையும். ஒருவருக்கு 200 முதல் 250 கிராம் தாராளம். கொழுப்பு மிகுந்த ஜப்பானிய வாகியூவில் 100 கிராமுக்கு மேல் உண்டால் திகட்டிவிடும்.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் இருக்கும் மேசை

திருகோணமலையில் எட்டுப் பேர் கூடினால் இரண்டு மூன்று பேராவது மாட்டிறைச்சி உண்ணாதவர்களாக இருப்பார்கள். எங்கள் வீட்டிலேயே அக்காவின் கணவர் சைவம். அவர்களை ஒரு சலாட்டோடு அமர்த்திவைப்பது விருந்தாகாது.

மீன் உண்பவர்களுக்கு வழி எளிது. சொல்லப்போனால் அவர்கள்தான் மேசையில் அதிர்ஷ்டசாலிகள். ஸ்டேக் இறைச்சி உறைந்த நிலையில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வந்திருக்க, அறக்குளாவும் பாரையும் கணவாயும் காலையில் நமது கரைக்கே வந்திருக்கக்கூடும். கனமாக வெட்டிய அறக்குளாத் துண்டை வெண்ணெயில் வாட்டித் தேசிக்காய் பிழிந்து தந்தால், அதே வாட்டுத்தட்டிலிருந்து வரும் எந்த ஸ்டேக்குக்கும் அது குறைந்ததன்று. "இன்றைய மீன் எது?" என்று கேளுங்கள், பதில் உடனே வராமல் பட்டியலைப் புரட்டினால், மீன் உறைபெட்டியிலிருந்து வருகிறது என்று ஊகிக்கலாம். சிங்க இறாலுக்கும் நண்டுக்கும் "சந்தை விலை" என்று மட்டும் அச்சிட்டிருந்தால், 100 கிராமுக்கு என்ன விலை, இந்தத் துண்டின் எடை என்ன என்று இரண்டையும் கேட்டுவிட்டே தலையசையுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டதால் ஒரு முறை நான் இரண்டு ஸ்டேக்குகளின் விலையை ஒரு சிங்க இறாலுக்குக் கொடுத்திருக்கிறேன்.

முழுச் சைவத்துக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் ஸ்டேக் உணவகத்தில் மரக்கறி போல் தோற்றமளிக்கும் பல உணவுகள் மரக்கறி அல்ல. பிரெஞ்சு வெங்காய சூப் மாட்டெலும்புச் சாற்றில் செய்யப்படுகிறது. சீசர் சலாட்டின் கலவையில் நெத்தலி வகை மீன் அரைத்துச் சேர்க்கப்படுகிறது; வூஸ்டர் சோஸிலும் அதே மீன் உண்டு. சில இடங்களில் உருளைக்கிழங்கு மாட்டுக்கொழுப்பில் பொரிக்கப்படுகிறது. மசித்த கிழங்கின் மேல் இறைச்சிச் சாறு ஊற்றப்படுகிறது. பர்மேசான் பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியத்தால் உறைய வைக்கப்படுவது. பனாகொட்டா போன்ற இனிப்புகளில் ஜெலற்றின் இருக்கும். "இறைச்சி போடாதீர்கள்" என்று சொன்னால் சமையலறை இவற்றையெல்லாம் இறைச்சியாகக் கருதாது. எனவே முன்பதிவின்போதே, இறைச்சிச் சாறும் மாட்டுக்கொழுப்பும் மீனும் ஜெலற்றினும் இல்லாத ஒரு முழு உணவு தனிச்சட்டியில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஒருநாள் முன்னதாகக் கேட்டால் நல்ல சமையற்காரர் மகிழ்ச்சியோடு செய்வார். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கேட்டால் வாட்டிய கத்தரிக்காய் ஒரு துண்டு கிடைக்கும்.

சொல்லுதலும் காத்திருத்தலும்

ஒவ்வொருவரும் தமது பகுதியையும் பதத்தையும் தாமே சொல்லட்டும். வீட்டுத் தலைவர் எல்லோருக்கும் சேர்த்து "எட்டுக்கும் மீடியம்" என்று முடித்துவிடும் பழக்கம் இங்கே உதவாது. பிள்ளைகளின் உணவை முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள், ஏனென்றால் கனமான துண்டு வெந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் ஓய்ந்து வருவதற்கு அரை மணி நேரம் செல்லலாம். அந்த ஓய்வு சோம்பல் அன்று; சூடு தணியும்போது சாறு சற்றுத் தடித்து உள்ளேயே தங்கும், உடனே வெட்டினால் அது கோப்பையில் ஓடிவிடும். அதுவரை மேசையில் வைக்கப்படும் சூடான பாணையும் வெண்ணெயையும் பசியோடு தின்று தீர்த்துவிடாதீர்கள். எங்கள் பெறாமகன் நான்கு பணிசை முடித்துவிட்டு, வந்த ஸ்டேக்கைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்க உணவுகள் பெரும்பாலும் தனி விலையில், பகிர்ந்து உண்ணும் அளவில் வரும். மூவருக்கு இரண்டு போதும்: மசித்த கிழங்கோ பொரித்த கிழங்கோ ஒன்று, காளானோ வாட்டிய மரக்கறியோ ஒன்று. சோஸ்களில் பேர்னேஸ் முட்டை மஞ்சட்கருவும் வெண்ணெயும் சேர்ந்தது, கொழுப்புக் குறைந்த ஃபில்லெட்டுக்குப் பொருந்தும். கொழுப்பான ரிப் ஐக்கு, புளிப்பும் உறைப்பும் கலந்த ஆர்ஜென்டீன சிமிச்சுரி நமது நாக்குக்கு உடனே பிடித்துவிடும். கட்டைச் சம்பல் இருக்கிறதா என்று எங்கள் மாமி கேட்டதைக் கண்டு பரிசாரகர் சிரித்தார். கேட்டதில் தவறேதும் இல்லை, ஆனால் முதல் இரண்டு துண்டுகளை வெறும் உப்போடு மட்டும் சுவைத்துப் பாருங்கள்.

வைன் அருந்துவோர், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்க முடியாது என்பதையும், திரும்பும்போது வாகனத்தை ஓட்டப்போவது யார் என்பதையும் முன்னரே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

கோப்பை வந்ததும்

கத்தி வலக்கையில், முள்ளுக்கரண்டி இடக்கையில். முழுத்துண்டையும் முதலிலேயே சிறுசிறு துண்டுகளாக வெட்டிவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் ஆறிவிடும். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு துண்டு வெட்டுங்கள். முதல் வெட்டு ஓரத்தில் அன்று, நடுவில் இருக்கட்டும், ஏனென்றால் பதம் தெரிவது அங்கேதான். நண்டும் இறாலும் வந்தால் கையால் உண்ணலாம்; தேசிக்காய்த் துண்டு மிதக்கும் சிறு கிண்ணம் விரல் கழுவுவதற்கு, குடிப்பதற்கு அன்று.

பதம் பிழைத்திருந்தால் உடனே சொல்லுங்கள். பாதியை உண்டுவிட்டுச் சொல்வது முறையன்று. வேகாத துண்டைத் திரும்ப அடுப்பில் வைக்கலாம். கூட வெந்ததை மீட்க முடியாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும். இதனால் இரண்டு பதங்களுக்கிடையே தடுமாறுகிறவர்கள் குறைந்த பதத்தைச் சொல்வது புத்திசாலித்தனம். "தம்பி, நான் மீடியம் கேட்டிருந்தேன், இதன் நடுப்பகுதியை ஒருக்கால் பாருங்கள்" என்று தணிந்த குரலில் சொன்னால் எந்த நல்ல உணவகமும் முகம் சுளிக்காது.

பற்றுச்சீட்டு

பட்டியல் விலையின் அருகில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக்கட்டணமும் வரியும் அதற்கு மேல் சேரும் என்று பொருள். சேவைக்கட்டணம் வழக்கமாக 10 சதவீதம். பெறுமதிசேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். அதாவது 10,000 ரூபாய் என்று நினைத்து உண்ட உணவுக்கு 13,000 ரூபாயை அண்டிய தொகை வரும். எட்டுப் பேருக்கு இந்த வித்தியாசம் சிறியதன்று. மனக்கணக்கை முதலிலிருந்தே மூன்றில் ஒரு பங்கு கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். சேவைக்கட்டணம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் மேலதிக அன்பளிப்புக் கட்டாயமில்லை; உங்கள் சைவ விருந்தாளியின் கோப்பைக்காகச் சமையலறைக்கும் மேசைக்கும் மூன்று தடவை நடந்த பிள்ளைக்கு மட்டும் கையில் ஏதாவது கொடுப்பது எனது வழக்கம். பேசிய விலையும் எழுதிய விலையும் ஒன்றா என்று, சந்தை விலைப் பொருட்களை மட்டுமாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

மீதியைக் கட்டித்தரச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். நமது வெக்கையில் அதை ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். உட்துறைமுக வீதியில் நின்று காற்று வாங்கிக் கதைத்துவிட்டுப் போகும் எண்ணமிருந்தால் கட்டி வாங்காமல் விடுவதே மேல். மறுநாள் அதை மீண்டும் சூடாக்கினால் தோல்போல் இறுகிவிடும் என்பதால், குளிர்ந்த நிலையிலேயே நாருக்குக் குறுக்காக மெல்லியதாகச் சீவி, வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் வதங்கிய சட்டியில் கடைசி அரை நிமிடம் மட்டும் புரட்டி, மிளகுத்தூள் தூவி, ரொட்டியோடு வையுங்கள். எங்கள் மாமா அந்த ஃபில்லெட்டின் மீதியை அப்படித்தான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.